ஐம்பதில் ஒரு பங்குத் தெரு

என் தம்பிக்கு ஆபீஸ்ல வச்ச பேரு அரைமில்லி. குடிக்கிறவன்னு நினைச்சுடாதீங்க, பாவம், சோடா குடிச்சு ஏப்பம் வந்தாலே மன்னிப்புக் கேட்கிற ஆளு. அவன் வேலை மாடல் செய்யுறது. கட்டப்போற கட்டடத்தை முன்னாலேயே அட்டையிலயும் பிளாஸ்டிக் தகட்டுலயும் சின்னதா வெட்டி ஒட்டிக் காட்டுவாங்களே, வீடு வாங்க வர்றவங்க குனிஞ்சு பார்த்து "அடடே, லிஃப்ட் கூட இருக்கே"ன்னு சொல்லுவாங்களே, அது. பத்தொன்பது வருஷமா அதே வேலை. ஒரு சுவர் அரை மில்லிமீட்டர் தள்ளி நின்னா போதும், மொத்தத்தையும் பிரிச்சு மறுபடி ஒட்டுவான். அதான் அந்தப் பேரு.

நான் அவனுக்கு ஏழு வயசு மூத்தவ. தனிக்கட்டை. துணிக் கம்பெனியில தரம் பார்க்கிற வேலை, இருபத்தாறு வருஷம். ட்யூப்லைட்டுக்குக் கீழ சட்டையை விரிச்சுப் போட்டு, தையல் விட்டிருக்கா, பொத்தான் கோணலா இருக்கான்னு பார்த்து, குத்தம் இருக்கிற இடத்துல சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டணும். குத்தம் கண்டுபிடிக்கத்தான் சம்பளம். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கண்ணைக் கழட்டி ஆணியில மாட்ட முடியுமா? என்கிட்ட யாரும் எதையும் மறைக்க முடியாதுன்னு எனக்கு ஒரு திமிரு இருந்துச்சு. அந்தத் திமிரு பண்ணின வேலையைத்தான் இப்ப சொல்லப் போறேன்.

வீடு ஒண்ணுதான். கீழ தம்பியும் அவன் பொண்டாட்டியும், மேல நான். அவ ஒரு பல் டாக்டர்கிட்ட வேலை பார்க்கிறா. வர்றவங்க பேரை எழுதி, பயந்து நடுங்குறவங்களுக்குத் தைரியம் சொல்லி உள்ள அனுப்புற வேலை. நல்ல பொண்ணு. நான் என்ன ஏசினாலும் "சரி அண்ணி"ன்னுட்டுப் போயிடுவா. அந்த "சரி அண்ணி"யைக் கேட்டாத்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

போன வருஷம் தம்பி நடத்தை மாறுச்சு. ஆறு மணிக்கு வர்றவன் எட்டரைக்கு வந்தான். தெருவுல ஒண்ணு ரெண்டுன்னு வாய்க்குள்ள எண்ணிக்கிட்டே காலடி வச்சு நடந்தான். ஞாயித்துக்கிழமை காலையில ஒன்பதாம் நம்பர் வீட்டுக்கு எதிர்ல போய் நின்னு, ஜன்னலையே பார்த்துக்கிட்டிருந்தான். எனக்கு மூக்கு வேர்த்துடுச்சு. மூணு ஞாயிறு மாடி ஜன்னல்ல நின்னு கவனிச்சேன். மூணு ஞாயிறும் அதே வீடு, அதே ஜன்னல். ஒன்பதாம் நம்பர் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வீடு. அவருக்குக் கல்யாண வயசுல மக இருக்கா. நாப்பத்திரெண்டு வயசுல இவனுக்குப் புத்தி இப்படியா போகணும்னு எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு.

சட்டையைத் துவைக்கப் போடுற சாக்குல பாக்கெட்டைத் துழாவினேன். ஒரு துண்டுச் சீட்டு. "9. திரை மஞ்சள். காலை 7.10க்குத் திறக்குது. நாற்காலி இரண்டு, ஒன்று கால் உடைஞ்சது." நேரா கீழ போய் அவன் பொண்டாட்டிகிட்ட, "உன் புருஷன் வர்ற நேரம் போற நேரமெல்லாம் கவனிக்கிறியா இல்லையா?"ன்னு கேட்டேன். அவ பின்பக்க அறைக் கதவைத் திறந்துவிட்டா.

தெரு இருந்துச்சு உள்ள. எங்க தெரு.

ரெண்டு பழைய கதவைப் பெஞ்சு மேல போட்டுச் சேர்த்து, அதுமேல பதினாலு வீடும் நின்னுச்சு. அசலுக்கு ஐம்பதுல ஒரு பங்கு. மூணாம் நம்பர் வீட்டுத் தண்ணித் தொட்டியில பாசி. ஆறாம் நம்பர் வீட்டுச் சுவர்ல பாதி கிழிஞ்ச நோட்டீஸ். ஒன்பதாம் நம்பர்ல மஞ்சள் திரை, கால் உடைஞ்ச நாற்காலி, அந்தக் காலுக்கு முட்டுக் குடுத்த செங்கல். நகத்துல பாதி கூட இல்ல அந்தச் செங்கல். எனக்கு அழுகை வந்துடுச்சு, பொய் சொல்லல. இவனையா நான் சந்தேகப்பட்டேன்னு வெட்கமா போச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் அவனே சொன்னான். "அக்கா, ஆபீஸ்ல நாலு மாசம் உட்கார்ந்து ஒரு மாடல் செய்யுறோம். வீடெல்லாம் வித்து முடிஞ்சதும் உடைச்சுக் குப்பையில போடுறாங்க. பத்தொன்பது வருஷத்துல நான் செஞ்சது ஒண்ணு கூட உலகத்துல இல்ல. இது ஒண்ணாவது இருக்கட்டும்."

"இருக்கட்டும்டா, எவன் வேண்டாம்னது?"ன்னேன்.

இருந்திருக்கும், அவன் முடிச்சிருந்தா. முடிக்கல. தெரு மாறிக்கிட்டே இருந்துச்சே. ஒருத்தர் புது பைக் வாங்கினார், இவன் புது பைக் செஞ்சான். ஒரு வீட்டுல மரக்கிளையை வெட்டினாங்க, இவனும் வெட்டினான். விடியறதுக்கு முன்னாடி எழுந்து, ஆபீஸ் போறதுக்குள்ள தெருவை ஒரு சுத்து பார்த்துட்டு வந்து, முந்தின நாள்லருந்து மாறினதையெல்லாம் மாத்துவான். பொண்டாட்டி டீயை வைப்பா, ஆறிப்போய்த் தோல் படிஞ்சு அப்படியே இருக்கும். கண்ணாடிக் கடைக்காரர் நீலத்துல இருந்த கேட்டுக்குச் சாம்பல் கலர் அடிச்சார். இவன் போய்க் கதவைத் தட்டி, "ஏன் சார் மாத்தினீங்க?"ன்னு கேட்டிருக்கான்.

"என் கேட்டு, என் பெயிண்டு, உனக்கென்னய்யா?"ன்னு அவர் கத்தினது என் மாடி வரைக்கும் கேட்டுச்சு.

"வேணும்னே பண்றாங்கக்கா"ன்னான் தம்பி, திரும்பி வந்து. சிரிப்பான்னு எதிர்பார்த்தேன். சிரிக்கல.

தெருவுல எங்களைப் பார்க்கிற பார்வை மாறிடுச்சு. திருடனுக்கு வேவு பார்த்துச் சொல்றானோன்னு ஒரு வீட்டுல பேசினாங்களாம். நான் நடந்து வந்தா பேச்சை நிறுத்தினாங்க. எனக்கு அவங்க மேல கோவம், இவன் மேலயும் கோவம்.

அப்பத்தான் அவன் மனுஷங்களை வைக்க ஆரம்பிச்சான். ஆபீஸ் மாடல்ல மனுஷங்க எல்லாரும் வெள்ளையா, முகமில்லாம, வாசலைப் பார்த்து நிப்பாங்க. அப்பத்தான் வாங்க வர்றவங்களுக்கு உள்ள போகணும்னு தோணுமாம். ஆபீஸ்ல ஒட்டிடுவாங்க. வீட்டுல இவன் கலர் குடுத்து, காலுக்கடியில குண்டூசி வச்சு, குத்தி நிறுத்தினான், தினம் இடம் மாத்தணும்ல. ஒரு நாள் லீவு. அவங்க ரெண்டு பேரும் வெளிய போயிருந்தாங்க. கீழ போய்ச் சும்மா பார்த்தேன். எங்க வீடு, மாடி ஜன்னல். அங்க ஒருத்தி. பச்சை நைட்டி. இடுப்புல ஒரு கை, கழுத்தை நீட்டி, தெருவையே முழுங்கிடற மாதிரி ஒரு நிலை. மூணு சென்டிமீட்டர் உயரம், அதுல என் நாப்பத்தொன்பது வயசும் இருந்துச்சு.

எனக்குச் சுருக்குன்னுச்சு. ஊரை வேவு பார்க்கிற கிழவியா நான்? இவனைத் தூக்கி வளர்த்தவ, இவன் ஃபீஸுக்கு ஓவர்டைம் பார்த்தவ, என்னைப் பத்தி இவன் மனசுல இருக்கிறது இவ்வளவுதானா? இன்னிக்கு யோசிச்சா தெரியுது, அவன் என்னைத் தப்பா செஞ்சிருந்தா சிரிச்சிருப்பேன். அச்சு அசலா செஞ்சிருந்தான், அதான் கோவம். அந்தப் பொம்மையைப் பிடிச்சு, திருப்பி, வீட்டுக்குள்ள பார்க்கிற மாதிரி நிறுத்திட்டு மேல வந்துட்டேன்.

மறுநாள் காலையில அவன் மாடிப்படியில நின்னான். "அக்கா, தெருவைத் தொட்டியா?"

"நான் ஏன்டா தொடப்போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?"

வாய்ல வந்துடுச்சு. நினைச்சுச் சொல்லல. ஆனா என் வாயிலருந்து ஒண்ணு வெளிய வந்துட்டா அதைத் திரும்ப எடுத்துக்கிற பழக்கம் எனக்கு இல்ல. அவன் போய்ப் பொம்மையை மறுபடி தெருப் பக்கம் திருப்பி வச்சான். கண்ணாடிக் கடைக்காரர் கேட்டுக்கு மறுபடி வேற கலர் அடிச்சு, அவன் திரும்பவும் போய்ச் சண்டை போட்ட அன்னிக்கு, அந்தக் கடுப்புல ரெண்டாவது தடவை திருப்பினேன். மூணாவது தடவை கோவம் கூட இல்ல. நிஜமாவே கண்டுபிடிக்கிறானான்னு பார்க்கத்தான், கொஞ்சூண்டு, ஒரு கால்வாசி திருப்பினேன். மறுநாள் பார்த்தா பொம்மை பழையபடி நேரா நின்னுச்சு, கண்டுபிடிச்சுட்டான்.

அதோட நிறுத்திட்டேன். அவனால நிறுத்த முடியல.

கதவுக்குப் பூட்டு வந்துச்சு. சாவி ரெண்டு, ஒண்ணு அவன்கிட்ட, ஒண்ணு பொண்டாட்டிகிட்ட. தரையில பவுடர் தூவி வச்சான். கதவு இடுக்குல தலைமுடியை ஒட்டி வச்சான். மூணாம் நம்பர் ஜன்னல் அரை மில்லி நகர்ந்திருக்குன்னான். ஆறாம் நம்பர் சுவர் சாய்ஞ்சிருக்குன்னான். நான் போய்ப் பார்த்தேன், ஒண்ணும் சாயல. ஆபீஸ்லயும் அதே கதை. கூட வேலை பார்க்கிறவங்க ராத்திரி அவன் மாடலைச் சீவிட்டுப் போறாங்கன்னு முதலாளிகிட்ட புகார். அவர் நல்ல மனுஷன், "கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டார்.

வீட்டுல உட்கார்ந்தவன் பொண்டாட்டியைப் பிடிச்சுக்கிட்டான். சாவி வச்சிருக்கிறது அவதானே. "யாரு சொல்லிக் குடுத்து பண்றே? கண்ணாடிக் கடைக்காரரா? எவ்வளவு நாளா?" காலையில அவ வேலைக்குக் கிளம்புற நேரம் பார்த்து ஆரம்பிப்பான். நல்லா இருந்த நாள்ல அவளை ஒரு வார்த்தை கடுமையா பேசாதவன், கேட்கக் கூசுற பேச்செல்லாம் பேசினான். ஒரு நாள் அவ மேல ஏறி வந்து, "அண்ணி, நான் அந்த ரூம் பக்கமே போறதில்ல. நீங்களாவது சொல்லுங்களேன்"னா. கண்ணெல்லாம் வீங்கியிருந்துச்சு.

நான் சொல்லியிருக்கணும். "நான்தான்மா"ன்னு ஒரே ஒரு வார்த்தை. "விடும்மா, சரியாயிடும்"னு சொன்னேன். மறுவாரம் அவ அவளோட அக்கா வீட்டுக்குப் போயிட்டா.

அவ போன பிறகு அவன் அந்த அறையை உள்பக்கமா பூட்டிக்கிட்டு, நாற்காலியைப் போட்டுக் காவல் உட்கார்ந்தான். சாப்பாட்டை ஜன்னல் வழியா உள்ள தள்ளினா, அதுல தூங்க வைக்கிற மருந்து இருக்கும்னு தொட மாட்டான். மூணாம் நாள் மத்தியானம் தொம்முன்னு சத்தம். பூட்டை உடைச்சு உள்ள போனோம். கண்ணாடிக் கடைக்காரர்தான் ஓடி வந்து உடைச்சார், நல்லா இருக்கணும் அவர். தம்பி தரையில கிடந்தான். மேல தெரு அப்படியே நின்னுச்சு, ஒரு மரம் கூடச் சாயல.

மனநல வார்டுல சேர்த்தோம். டாக்டரம்மா பொறுமையா எல்லாம் கேட்டாங்க. எப்ப ஆரம்பிச்சுது, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி. கடைசியா பேனாவை நிறுத்திட்டு, "அந்தப் பொம்மையைத் திருப்பினாங்கன்னு சொல்றாரே, யாராவது நிஜமா தொட்டிருக்க வாய்ப்பு இருக்கா?"ன்னாங்க.

"இல்லவே இல்ல டாக்டர். அவனா நினைச்சுக்கிறான்."

எழுதிக்கிட்டாங்க. அவங்க பேனா போறதையே பார்த்துக்கிட்டு இருந்தேன். இருபத்தாறு வருஷம் அடுத்தவங்க தப்புல ஸ்டிக்கர் ஒட்டினவ நான்.

மருந்து வேலை செஞ்சுது. அஞ்சு வாரத்துல தூங்கினான், சாப்பிட்டான், முகத்துல களை வந்துச்சு. பொண்டாட்டி வந்து பார்த்துட்டுப் போனா. ஒரு நாள் வார்டு தோட்டத்துல உட்கார்ந்து என்கிட்ட சொன்னான். "இப்பப் புரியுதுக்கா. யாரும் எதையும் திருப்பல. எல்லாம் என் மூளை சொன்ன பொய். டாக்டரம்மா கூட, இதை நீங்களே உணர்ந்தது பெரிய விஷயம்னாங்க."

எனக்குச் சந்தோஷமா இருந்திருக்கணும்ல? அவன் முகத்தைப் பார்க்காம தோட்டத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தேன்.

"ஆபீஸ்ல கூப்பிட்டாங்க"ன்னான். "வரலைன்னுட்டேன். ஸ்கேலைக் கையில எடுத்தா, கோடு நிக்குதா நகருதான்னு தெரியல. பார்க்கிறதெல்லாம் நிஜந்தானான்னு ஒவ்வொண்ணுக்கும் யாரையாவது கேட்க வேண்டியிருக்கு." சட்டையை இழுத்துவிட்டுக்கிட்டு, குழந்தை மாதிரி என் முகத்தைப் பார்த்தான். "அக்கா, பொத்தான் சரியா போட்டிருக்கேனா?"

சரியாத்தான் போட்டிருந்தான். அஞ்சும் அதது இடத்துல. அரை மில்லியை வெறுங்கண்ணுல பிடிக்கிறவன், சட்டைப் பொத்தானுக்கு என்கிட்ட சாட்சி கேட்கிறான். அவன் கண்ணைப் பிடுங்கினது நோய் மட்டும் இல்ல, நானும்தான். இப்படியே விட்டா, இந்த ஜென்மத்துக்கும் இவன் எதையும் நம்ப மாட்டான்.

நேரா டாக்டரம்மா அறைக்குப் போய் எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவங்க கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வச்சாங்க. அப்புறம் திட்டினாங்க பாருங்க, என் சூப்பர்வைசர் கூட அப்படித் திட்டினதில்ல. "நோய் உங்களால வரலம்மா, அது முன்னாடியே வந்துடுச்சு. ஆனா நான் கேட்டப்ப நீங்க பொய் சொன்னீங்க. அதை வச்சுத்தான் அஞ்சு வாரமா அவர்கிட்ட பேசிட்டிருக்கேன். அவர் சரியா பார்த்ததையும் நோய்னு நம்ப வச்சிருக்கேன்." நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். "மறுபடி கிளறினா ஏதாவது ஆகுமா?"ன்னு கேட்டேன். "ஆகலாம். ஆனா உண்மை அவருக்குச் சேர வேண்டியது. நான் கூட இருக்கேன். அவர் மனைவியையும் வரச் சொல்லுங்க"ன்னாங்க.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. அவங்க அறையில நாங்க நாலு பேரு. நான் சொன்னேன்.

தம்பி மெல்லச் சிரிச்சான். "டாக்டர் இப்படிச் சொல்லச் சொன்னாங்களா? எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னா? வேண்டாம்கா. நான் ஏத்துக்கிட்டேன்."

நம்பல! பொய் சொன்னப்ப நம்பினான், நிஜத்தைச் சொன்னா நம்பல. எனக்கு அடி வயித்துலருந்து வந்துச்சு கோவம். "ஆறுதலாவது மண்ணாங்கட்டியாவது! யாருடா உன்னை என்னை அப்படிச் செய்யச் சொன்னது? இடுப்புல கையை வச்சுக்கிட்டு, கழுத்தை நீட்டிக்கிட்டு! அசிங்கமா இருந்துச்சுடா எனக்கு! அதான் திருப்பினேன். மூணு தடவை திருப்பினேன். மூணாவது தடவை கால்வாசிதான், நீ கண்டுபிடிக்கிறியான்னு பார்க்க!"

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துட்டுப் போனாங்க.

அவன் சிரிப்பு போயிடுச்சு. "கால்வாசி"ன்னான். "ஆமா. ஒரு நாள் கால்வாசிதான் திரும்பியிருந்துச்சு. அதை நான் யார்கிட்டயும் சொல்லல." அப்புறம் டாக்டரம்மாகிட்ட, "தெருவைத் தொட்டிருக்காங்கன்னு நான் மொத்தம் எத்தனை நாளைச் சொன்னேன்?"னான்.

ஃபைலைப் புரட்டினாங்க. சேர்ந்த அன்னிக்கு அவன் சொன்ன தேதிங்க வரிசையா இருந்துச்சு. பதினொண்ணு.

"மூணு அக்காவோடது. அப்ப எட்டு என்னோடது."

"ஆமா. அந்த எட்டு நோயோடது"ன்னாங்க டாக்டரம்மா. சுத்தி வளைக்கல.

"எந்த மூணு?"ன்னு என் பக்கம் காகிதத்தை நகர்த்தினான். முதல் தேதி எனக்குத் தெரியும், என் லீவு நாள். ரெண்டாவது கேட்டுச் சண்டை நடந்த நாளும் தெரியும். அதையும் காட்டினேன். மூணாவது? சும்மா ஒரு நாள் செஞ்சது. எவ்வளவு யோசிச்சும் வரல. "தெரியலடா"ன்னேன்.

அவன் விரல் மீதி ஒன்பது தேதி மேல போக ஆரம்பிச்சுது. "பதினேழா? அன்னிக்கு நீ காலை ஷிஃப்டா? கம்பெனி பஸ் வந்துச்சா? இல்ல இருபதா? அன்னிக்குப் பவுடர் தூவியாச்சே…" குரல் வேகமாச்சு. குனிஞ்சு காகிதத்துக்குக் கிட்டப் போனான். அந்த முதுகை எனக்குத் தெரியும். பல மாசம் அந்த முதுகைத்தான் பார்த்தேன். ஐயோ, மறுபடி தள்ளிவிட்டுட்டேனேன்னு எனக்கு உயிரே போச்சு. அவன் பொண்டாட்டி எழுந்துட்டா. டாக்டரம்மா கையைக் காட்டி அவளை நிறுத்தினாங்க.

விரல் ஒரு தேதியில நின்னுச்சு. அடுத்ததுக்குப் போச்சு. திரும்பி வந்துச்சு. அப்புறம் அவனே கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டான்.

"வேண்டாம்"னான். "ரெண்டு போதும். ரெண்டு நாள் நான் சரியாத்தான் பார்த்திருக்கேன். மூணாவது எதுவா வேணா இருந்துட்டுப் போகட்டும்."

அரை மில்லிக்காக மொத்தத்தையும் பிரிக்கிறவன் வாயிலருந்து அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதே இல்ல. டாக்டரம்மா மூச்சை விட்டாங்க. நான் அழுதேன், மூக்கைச் சிந்திக்கிட்டு, வெட்கமில்லாம. பிழைச்சுட்டான் என் தம்பின்னு நினைச்சேன்.

அவன் அழல. பொண்டாட்டி பக்கம் திரும்பிப் பார்த்தான், ரொம்ப நேரம். அவ அவனைப் பார்க்காம, கைப்பையோட வாரைச் சுருட்டிச் சுருட்டிப் பிரிச்சுக்கிட்டிருந்தா. அப்புறம் அவன் என்கிட்டக் கேட்டான், சத்தமே போடாம.

"அக்கா, இவளை நான் தினம் காலையில என்னென்ன கேட்டேன். நீ மேல இருந்து கேட்டுட்டுத்தானே இருந்தே?"

"ஆமாண்டா"ன்னேன். "கேட்டுட்டுத்தான் இருந்தேன்."